மரம் கல்லான ஊருக்கு ஒரு கார் பயணம்: திண்டிவனம் – செஞ்சி – விழுப்புரம், இரண்டு நாள் திட்டம்!

தம்பி அமெரிக்காவிலிருந்து வருகிறான் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று, அவன் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு எக்ஸெல் ஷீட் வந்துவிடும். இரண்டு, அதில் இருப்பதில் பாதிகூட நடக்காது.

தம்பி இருப்பது அரிசோனா மாநிலத்தில். வீட்டைச் சுற்றிப் பாலைவனம். அங்கே 'பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்' என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் பாலைவனம் அது. கைடு கிடையாது, பஸ் கிடையாது. சொந்தக் காரில் ஒரு வாசலில் நுழைந்து, சுமார் 45 கி.மீ. ஓட்டி, நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்த்து, மறு வாசலில் வெளியேற வேண்டும். போன வருடம் குடும்பத்தோடு போய் வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு.

"அக்கா, அதே மாதிரி கல்மரம் நம்ம திருவக்கரையில இருக்கு. நாம சின்ன வயசுல ஒரு தடவைகூடப் போனதில்ல. இந்த டிசம்பர்ல நம்ம காரை எடுத்துக்கிட்டு நாமளே ஓட்டிப் போறோம். பசங்களுக்கு ரெண்டையும் காட்டணும்" என்றான்.

திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பக்கத்தில் 30 கி.மீ. தூரத்தில் இருப்பதைப் பார்க்காமலே இருவரும் ஊரை விட்டுப் போய்விட்டோம். நான் சென்னைக்கு, அவன் அமெரிக்காவுக்கு. சரி, இந்த முறை போய்விடுவது என்று முடிவானது.

ஷீட்டும் வந்தது. இரண்டு நாள், ஒன்பது இடங்கள்! திருவக்கரை, மயிலம், மேல்சித்தாமூர், செஞ்சி, திருநாதர்குன்று, பனமலை, மண்டகப்பட்டு, கழுவெளி, மரக்காணம். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம்.

திண்டிவனம் வீட்டில் அப்பா அதை பிரின்ட் எடுத்துவரச் சொன்னார். 75 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். சிவப்புப் பேனா இன்னும் சட்டைப்பையில்தான். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆறு இடங்களை அடித்தார். "செஞ்சியில நாப்பது நிமிஷத்துல பாதி மலைகூட ஏற முடியாது. கிலோமீட்டரைக் கணக்குப் பண்ணாதடா, வெயிலைக் கணக்குப் பண்ணு" என்றார்.

மிஞ்சியவை மூன்று. திருவக்கரை, செஞ்சி, மண்டகப்பட்டு. பயணம் முடிந்து திரும்பியபோது, அந்த சிவப்புப் பேனாதான் எங்களைக் காப்பாற்றியது என்று புரிந்தது.

வீட்டுக்குள்ளேயே ஒரு கல்மரம்

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல் உண்டு. இரண்டு கிலோ இருக்கும். பார்த்தால் விறகுக்கட்டை போலவே இருக்கும். பட்டை வரியாக ரேகை, ஒரு பக்கம் கிளை வெட்டிய இடம் போல ஒரு கணு. தூக்கினால்தான் கல் என்று தெரியும். அதன்மேல் வைத்துத்தான் நானும் தம்பியும் பாதாம் கொட்டை உடைத்துத் தின்போம். அம்மா தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது காலாலேயே அதை நகர்த்திக் கதவைத் திறப்பார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கல் அங்கேயே இருக்கிறது.

அந்தக் கல்லை யார் எடுத்துக்கொள்வது என்று எனக்கும் தம்பிக்கும் ஒரு செல்லச் சண்டை ரொம்ப நாளாக உண்டு. அன்றைக்கும் அது தொடங்கியது. அப்போது 11 வயது மருமகன் குறுக்கே வந்தான்.

"அத்தை, அங்க பார்க்ல ஒரு கல்லுகூட எடுக்கக் கூடாது. எடுத்துட்டுப் போனவங்க பின்னாடி மனசு கேக்காம, ஸாரின்னு லெட்டர் எழுதி, கல்லை போஸ்ட்ல திருப்பி அனுப்புவாங்க. ஆனா அதை எங்க இருந்து எடுத்தாங்கன்னு தெரியாதுல்ல? அதனால திரும்ப வைக்க முடியாது. எல்லாத்தையும் ஒரே குவியலாக் கொட்டி வச்சிருக்காங்க. அதுக்குப் பேரே மனசாட்சிக் குவியல்!"

அவன் சொன்னது உண்மைதான். அந்தப் பூங்காவில் அப்படி ஒரு குவியல் இருக்கிறது. மன்னிப்புக் கடிதங்களையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது திருவக்கரைக் கல்லுதான். காலேஜ் படிக்கும்போது நாலு பேரு சைக்கிள்ல போனோம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்தோம்" என்றார்.

அவ்வளவுதான். காலையில் நான் எழுந்து வந்தபோது, அந்தக் கல் பழைய துண்டு ஒன்றில் சுற்றப்பட்டு காரின் பின்சீட்டில், அப்பா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பின்கட்டுக் கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

எப்போது போகலாம், எந்த வழி?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இந்தப் பயணத்துக்கு ஏற்ற காலம். மார்ச் முதல் ஜூன் வரை செஞ்சிப் பாறையில் கால் வைக்க முடியாது. பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால், காலை பத்து மணிக்குள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம். 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. இது வறண்ட மண் போலத் தெரியும். ஆனால் தண்ணீர் வந்தால் எல்லா ஓடையும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும்.

வழி மிகவும் எளிது. மனசில் ஒரு முக்கோணம் போட்டுக்கொள்ளுங்கள். மேலே திண்டிவனம், கீழே விழுப்புரம், மேற்கே செஞ்சி. திண்டிவனம் – விழுப்புரம் ஜி.எஸ்.டி. சாலையில் 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. திண்டிவனம் – செஞ்சி 30 கி.மீ.க்குள். செஞ்சி – விழுப்புரம் 40 கி.மீ.க்குள். மூன்று பக்கமும் சேர்த்தால் நூறு கி.மீ. சொச்சம்தான். திருவக்கரை மட்டும் முக்கோணத்துக்கு வெளியே, கிழக்கே புதுச்சேரிப் பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் அதற்கு ஒரு நாள், முக்கோணத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு திண்டிவனம் ஏறக்குறைய 125 கி.மீ. வழியில் பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே விக்கிரவாண்டி. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். விடுமுறை நாள் காலையில் அங்கே நின்றால் அப்பா சொன்ன வெயில் கணக்கு தப்பிவிடும். தங்குவதற்கு திண்டிவனம், விழுப்புரம் இரண்டிலும் விடுதிகள் உண்டு. கடற்கரையும் வேண்டும் என்பவர்கள் புதுச்சேரியில் தங்கலாம்.

முதல் நாள்: திருவக்கரை

காலை ஏழு மணிக்கு வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஜி.எஸ்.டி. சாலையில் கூட்டேரிப்பட்டு வந்து இடதுபக்கம் திரும்பினால் மயிலம். குன்றின் மேல் முருகன் கோயில் கோபுரம் தெரியும். அங்கிருந்து புதுச்சேரி சாலையில் போய், திருவக்கரைக்குப் பிரியும் சாலையைப் பிடிக்க வேண்டும். செல்போன் மேப் சரியாகக் காட்டுகிறது. ஆனாலும் திண்டிவனத்திலேயே மேப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. திருவக்கரையைச் சுற்றி கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. எதிரே டிப்பர் லாரிகள் வரும். தூசியில் ரோடே மறையும். ஜன்னலை ஏற்றி, விளக்கைப் போட்டு, முந்தாமல் போங்கள். இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் கண்ணாடி வைத்த ஹெல்மெட் இல்லாமல் போக வேண்டாம்.

தேசியக் கல்மரப் பூங்காவைப் பராமரிப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. பெயரில் பூங்கா இருக்கிறதே என்று புல்வெளி, ஊஞ்சல் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். செம்மண், சரளை, முள்செடி, நடுநடுவே மரங்கள். மொத்தம் சுமார் 247 ஏக்கர், ஒன்பது பகுதிகளாக இருக்கிறது. நாம் பார்க்க முடிவது அதில் சிறு பகுதிதான். அதற்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

உள்ளே போனதும் மருமகளுக்கு ஏமாற்றம். "அத்தை, மரத்தை வெட்டிப் போட்டிருக்காங்க. கல்மரம் எங்க?" என்றாள். அதைத் தொட்டுப் பார் என்றேன். தொட்டவள் கையை எடுக்கவே இல்லை. ரேகை, கணு, பொந்து எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் தட்டினால் கல்.

எப்படி இது? அப்பா வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், எங்கோ மேட்டில் வளர்ந்த பெரிய மரங்களை வெள்ளம் சாய்த்து இழுத்து வந்தது. வரும் வழியிலேயே கிளை, இலை, வேர், பட்டை எல்லாம் உதிர்ந்துபோயின. அதனால்தான் இங்கே எதைப் பார்த்தாலும் அடிமரம் மட்டும்தான். நிற்கும் மரமே கிடையாது. எல்லாம் படுத்துத்தான் கிடக்கின்றன. அவற்றின்மேல் மணலும் களியும் மூடின. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. மணலில் ஊறிய தண்ணீர் சிலிக்கா என்ற பொருளைக் கரைத்துக்கொண்டு மரத்துக்குள் இறங்கியது. மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் அந்த சிலிக்கா படிந்து இறுகியது. மரம் போய், மரத்தின் அச்சு மட்டும் கல்லாக நின்றுவிட்டது. மேலே மூடிய மண்தான் இன்று 'கடலூர் மணற்கல்' என்று சொல்லப்படும் பாறை. அது மழையில் கரையக் கரைய, உள்ளே இருந்த மரங்கள் வெளியே தலைகாட்டுகின்றன.

"அம்மா வடாம் வத்தல் பிழிவாளே, அச்சு மாதிரி. மாவு மாறினாலும் அச்சு அதேதான்" என்றார் அப்பா. பேரப்பிள்ளைகளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கும் தம்பிக்கும் நன்றாகப் புரிந்தது.

இந்த மரங்களில் பனை வகையும் உண்டு. நம் புளி, ஆமணக்குச் செடியின் குடும்பங்களைச் சேர்ந்தவையும் உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சில மரங்கள் 15 மீட்டர் வரை நீளம். 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றிக் குறித்திருக்கிறார். அரிசோனா மரங்களோடு ஒப்பிட்டால் நம்முடையவை வயதில் பத்தில் ஒரு பங்குதான். இன்னும் பழையதைப் பார்க்க வேண்டும் என்றால், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டு வயதுள்ள 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. அது வேறொரு பயணம்.

அப்பா கொடுத்த கல்

சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தோம். அப்பா காருக்குப் போய்த் துண்டோடு கல்லை எடுத்து வந்தார். காவலுக்கு இருந்தவரிடம் போய் நின்றார். வகுப்புக்குத் தாமதமாக வந்த பையன் நிற்பது போல நின்றார்.

"ஐயா, இது இங்க இருந்து எடுத்தது. திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

காவலர் துண்டைப் பிரித்துப் பார்த்தார். கணு இருந்த பக்கத்தைத் தடவினார். "எப்ப எடுத்தீங்க?"

"அம்பத்தஞ்சு வருஷம் இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "எந்த இடத்துல எடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா பெரியவரே?"

அப்பா திரும்பி அந்தச் செம்மண் வெளியை முழுக்கப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, "இல்ல" என்றார்.

"அப்ப உள்ள வைக்க முடியாது. இங்க குடுத்துட்டுப் போங்க, ஆபீசர் வந்தா சொல்லிடறேன்" என்று கல்லை வாங்கி அறைக்குள் ஓரமாக வைத்தார். துண்டை மடித்து அப்பாவிடம் திருப்பித் தந்தார்.

காரில் வரும்போது மருமகன் கேட்டான். "தாத்தா, சும்மா அங்கயே ஒரு மரத்துக்குப் பக்கத்துல போட்டிருந்தா என்ன?"

"தப்பு. கல்லு எங்க கிடக்குங்கிறதுதான் அதோட கதை. எந்த மண்ணுல, எந்த மரத்தோட, எந்தப் பக்கம் தலை வச்சுக் கிடந்துதுன்னு பாத்துத்தான் வெள்ளம் எங்க இருந்து வந்துதுன்னு கண்டுபிடிப்பாங்க. நான் தூக்கினப்பவே அந்தக் கதையை அழிச்சிட்டேன். இப்ப கண்ட இடத்துல போட்டா, பொய்க் கதை எழுதின மாதிரி ஆயிடும்."

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். திருவக்கரையில் சின்னச் சில்லுகள் காலடியில் கிடக்கும். 'ஒண்ணே ஒண்ணுதானே' என்று கை போகும். பிள்ளைகள் கை நிச்சயம் போகும். உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதை விடுங்கள். எடுத்த பிறகு திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் திருப்பி வைக்க முடியாது. அந்த வித்தியாசத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது.

பூங்காவிலிருந்து ஊருக்குள் வந்தால் சந்திரமௌலீஸ்வரர் கோயில். ஞானசம்பந்தர் பாடிய தலம். மூலவர் லிங்கத்தில் மூன்று முகங்கள். வக்ரகாளியம்மன் சன்னதிதான் இங்கே பிரசித்தம். பௌர்ணமி இரவில் பெருங்கூட்டம் வரும். காரில் போகிறவர்கள் பௌர்ணமி அன்று பூங்காவைத் தவிர்த்து வேறு நாள் வருவது நல்லது. மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனம் முடித்துக் கிளம்பி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினோம். ஷீட்டில் அன்று மாலைக்கு இரண்டு இடம் இருந்தது. அப்பா அடித்திருந்தார்.

இரண்டாம் நாள் காலை: செஞ்சி

செஞ்சிக்கு ஒரே ஒரு விதிதான். வாசல் திறக்கும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. பிற்பகலுக்குப் பிறகு மேலே போக விடமாட்டார்கள். காலை வெயில் ஏறும் முன் ஏறி, உச்சி வெயிலுக்குள் இறங்கிவிட வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையிலேயே கோட்டை வந்துவிடும். செஞ்சி ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறைகளைக் கொட்டிக் குவித்தது போல மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்த மதில்சுவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது நம் செஞ்சி!

சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது, முகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். எட்டு வருடம் ஏன் ஆனது என்பது பாதி மலை ஏறும்போதே மூச்சு சொல்லிவிடும். தேசிங்கு ராஜா 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி உயிர்விட்டதும் இந்த மண்ணில்தான்.

தம்பியும் பிள்ளைகளும் ராஜகிரி ஏறினார்கள். உச்சிக்கு முன்னால் ஒரு பெரிய பிளவு. அதைக் கடக்க ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் யாரும் மேலே வர முடியாது. மருமகன் வாழ்க்கையில் மறக்க மாட்டேன் என்று சொன்னது இந்த இடத்தைத்தான்.

நானும் அப்பாவும் கீழேயே இருந்தோம். முட்டி வலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். கீழேயே பார்க்க நிறைய இருக்கிறது. அடுக்கடுக்காக உயர்ந்து கூம்புக் கூரையோடு நிற்கும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், சதத்துல்லா கான் பள்ளிவாசல், வேங்கடரமணர் கோயில். நிழலும் உண்டு.

வேங்கடரமணர் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஒரு விஷயம் சொன்னார். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை என்று சொல்வார்கள். அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று எத்தனை முறை போட்டோ எடுத்திருக்கிறோம்!

"நீங்க எடுத்தது சின்னக் கல்லுப்பா" என்றேன்.

"சின்னதா பெரிசாங்கிறது இல்லம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்கம்மாவுக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னா, கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கன்னு. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு…" என்றார்.

இத்தனை வருடம் அதை அம்மாவின் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ, அது நம்முடையது இல்லை என்று நினைத்துக்கொண்டே அதைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னொரு முக்கியமான விஷயம். செஞ்சியில் குரங்குகள் அதிகம். கையில் தின்பண்டம், பிளாஸ்டிக் கவர் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் போடுங்கள். தம்பி கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட் ராஜகிரி பாதி வழியில் மாயமானது.

மாலை: மண்டகப்பட்டு

செஞ்சியில் சாப்பிட்டு, மரத்தடியில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் ஓய்வெடுத்து, விழுப்புரம் சாலையில் கிளம்பினோம். விழுப்புரத்துக்குச் சுமார் 20 கி.மீ. முன்னால் மண்டகப்பட்டு. சாலையிலிருந்து சற்று உள்ளே போக வேண்டும்.

சின்னப் பாறை, அதில் ஒரு குடைவரை. இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள். உள்ளே மூன்று மாடங்கள், மூன்றும் காலி. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அதற்காக வரவில்லை.

சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே ஒரு கல்வெட்டு வைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எடுப்பித்தேன் என்பது அதன் செய்தி. அதுவரை மரத்தாலும் செங்கல்லாலும் கட்டிய கோயில்கள் அழிந்துபோயின. அழியாதது வேண்டும் என்று அவன் கல்லைத் தேர்ந்தெடுத்தான்.

முதல் நாள் பார்த்தது, மரத்தை மண் கல்லாக்கிய இடம். இரண்டாம் நாள் பார்த்தது, மரம் வேண்டாம் என்று மனிதன் கல்லுக்கு மாறிய இடம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான கார் பயணம். மாலை வெயில் துவாரபாலகர் மேல் சாய்வாக விழுந்தது. பிள்ளைகள் பாறையில் உட்கார்ந்து கடலை தின்றார்கள். தோலைப் பொறுக்கிப் பையில் போடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து விழுப்புரம், ஜி.எஸ்.டி. சாலை, விக்கிரவாண்டி, திண்டிவனம். ராத்திரி எட்டு மணிக்கு வீடு.

அடித்த ஆறு இடங்கள்

அவை பார்க்க வேண்டாத இடங்கள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி நாள் வேண்டும், அவ்வளவுதான். மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். பனமலையில் ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கோயிலும் ஓவியமும். கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதோடு மரக்காணம் உப்பளத்தைச் சேர்த்தால் ஒரு நாள். மயிலத்துக்கு ஒரு கிருத்திகை நாள். அடுத்த டிசம்பருக்கான ஷீட்டைத் தம்பி இப்போதே தொடங்கிவிட்டான். நாள் ஒன்றுக்கு ஒரு இடம்தான் போட்டிருக்கிறான்.

கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்

- ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர். திருவக்கரைப் பூங்காவிலும் ராஜகிரி ஏறும்போதும் கடை தேடாதீர்கள்.
- பெட்ரோலைத் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நிரப்பிவிடுங்கள். நான்கு டயரோடு ஸ்டெப்னியிலும் காற்றுப் பாருங்கள். குவாரி சாலையில் ஜல்லி சிதறிக் கிடக்கும்.
- தொப்பி, பருத்தி உடை, பிடிப்புள்ள ஷூ. செருப்போடு செஞ்சி ஏற வேண்டாம்.
- வயதானவர்கள் மாத்திரை டப்பாவைக் காரில் விட்டுவிடாமல் கையோடு வைத்திருக்கட்டும்.
- கோடையில் போனால் வழியில் நுங்கும் பதநீரும், திண்டிவனத்துத் தர்பூசணியும் கிடைக்கும். வெயிலுக்கு அதைவிட மருந்து இல்லை.
- ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.
- ஒரு காலிப் பை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பையைப் போட்டுக் கொண்டுவர. வேறு எதையும் கொண்டுவர வேண்டாம்.

தம்பி ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டிகளை வாசலுக்கு எடுத்துவந்தோம். பின்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. செங்கல் போதவில்லை போல. அப்பா போய் இன்னொரு செங்கல்லை எடுத்து வைத்துவிட்டு வந்தார்.